கவலை ஓட்டினவன் எந்தக் கணக்கில்?
வெளிநாட்டுப் பணமும் திட்டமிடும் அரசும்: அந்தியூரிலிருந்து ஒரு பார்வை

'திட்டமிடும் திறனை வலுப்படுத்துதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. உலக வங்கி அறிக்கைகளிலும் அமெரிக்க அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகளிலும் இது திரும்பத் திரும்ப வரும். ஏழை நாட்டு அரசுக்குப் பணம் மட்டும் கொடுத்தால் போதாது, அந்தப் பணத்தை எங்கே, எப்படிச் செலவு செய்வது என்று யோசிக்கிற மூளையையும் சேர்த்து வளர்த்துவிட வேண்டும் என்பது இதன் பொருள். நிபுணர்கள் வருவார்கள், பயிற்சி நிலையங்கள் வரும், புள்ளிவிவரப் பிரிவுகள் வரும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் திட்டம் என்பதே ஒரு கணக்கு. யாரை எண்ணுவது, யாரை விடுவது என்று முடிவு செய்த பிறகுதான் எந்தக் கணக்கும் தொடங்கும். அந்த முடிவை எடுத்தவர்கள் யார் என்று சேரியிலிருந்து யாரும் இதுவரை உரக்கக் கேட்டதில்லை. கேட்டுப் பார்ப்போம்.

1

திட்டக் கமிஷன் 1950 மார்ச்சில் அமைக்கப்பட்டது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1951-ல் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே ஃபோர்டு பவுண்டேஷனின் தலைவர் பால் ஹாஃப்மன் தில்லிக்கு வந்து நேருவைப் பார்த்தார். அமெரிக்காவுக்கு வெளியே அந்த அறக்கட்டளை திறந்த முதல் அலுவலகம் தில்லியில்தான். அதன் பிரதிநிதியாக வந்த டக்ளஸ் என்ஸ்மிங்கர் 1970 வரை இங்கேயே இருந்தார். பிரதமர் அறைக்கு நேரே போகக்கூடிய செல்வாக்கு அவருக்கு இருந்தது. சீனாவில் 1949-ல் மாவோ ஆட்சிக்கு வந்துவிட்ட காலம் அது. இந்தியக் கிராமமும் சிவந்துவிடக் கூடாதே என்கிற பயம் வாஷிங்டனுக்கு. அந்தப் பயத்தைச் சேர்த்துத்தான் இந்த உதவியைப் படிக்க வேண்டும்.

1952 ஜனவரி 5-ல் இந்திய-அமெரிக்கத் தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 5 கோடி டாலர். அதே ஆண்டு அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், 55 இடங்களில் 'சமுதாய வளர்ச்சித் திட்டம்' தொடங்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கிராமம், 2 லட்சம் சனம். இதற்கு முன்மாதிரி, உத்தரப் பிரதேசத்தில் எடாவா மாவட்டத்தில் ஆல்பர்ட் மேயர் என்கிற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் 1948-ல் தொடங்கிய சோதனைத் திட்டம். கிராம சேவக் என்கிற புதுவகை ஊழியரைப் பழக்க ஃபோர்டு பணத்தில் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. திட்டம் எப்படி நடக்கிறது என்று அளந்து சொல்லத் திட்டக் கமிஷனுக்குள்ளேயே 'திட்ட மதிப்பீட்டு அமைப்பு' ஒன்று 1952-ல் உருவானது. அதற்கும் ஃபோர்டின் உதவிதான். ஓர் அரசின் திட்டமிடும் திறனை வெளிநாட்டுப் பணம் வளர்த்ததற்கு இதைவிட நேரடி உதாரணம் வேண்டியதில்லை.

2

சென்னை மாகாணத்தில் தேர்ந்தெடுத்த இடங்களில் கீழ்பவானிப் பகுதியும் ஒன்று. நம்ம பக்கம்தான். பவானிசாகர் அணை வேலை 1948-ல் ஆரம்பித்து 1955 வாக்கில் முடிந்தது. அதிலிருந்து கிளம்புகிற கால்வாய் 124 மைல் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. ஆனால் கால்வாய் ஓடுவது ஆற்றுக்குத் தெற்கே. கோபி, ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் என்று போகிறது. அந்தியூர் ஆற்றுக்கு வடக்கே, பர்கூர் மலையடிவாரத்தில் கிடக்கிறது. எங்களுக்கு ஏரியும் கிணறும் வானமும்தான். அப்போது அந்தியூர் பவானி தாலுகா, கோயமுத்தூர் ஜில்லா. 1979-ல் பெரியார் மாவட்டம் பிரிந்தது. ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது அதற்குப் பிறகு.

அந்த 55 இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பாசன வசதியோ நிச்சய மழையோ இருக்கிற இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சீக்கிரம் விளைச்சல் காட்ட வேண்டும், காட்டினால்தான் அடுத்த தவணை வரும். தண்ணி இருக்கிற இடத்துக்கே திட்டமும் போச்சு. தண்ணி இருக்கிற இடத்திலயும் நிலம் இருக்கிறவன்கிட்டயே போச்சு. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாமே நிலத்தின் பேரில் கொடுக்கப்படுபவை. பட்டா இல்லாதவனுக்குக் கொடுக்க அந்தத் திட்டத்தில் என்ன இருந்தது? சாலை போடும்போது மண் சுமக்கிற வேலை இருந்தது. அதுக்கும் 'சிரமதானம்' என்று பேர் வைத்துக் கூலியில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

கொங்குப் பகுதியில் அருந்ததியர், பறையர், பள்ளர் எல்லாருக்கும் இது தெரிந்த கதைதான். ஆண்டுக் கணக்கில் பண்ணையத்தில் ஆளாக இருப்பது, கம்போ ராகியோ கூலியாக வாங்குவது, கவுண்டரைப் 'பண்ணாடி' என்று கூப்பிடுவது. இதுதான் அன்றைய உற்பத்தி முறை. எங்க பக்கத்துப் பெரியவங்களைக் கேட்டால் இன்னும் சொல்லுவாங்க: "கிராம சேவக்குன்னு ஒருத்தரு சைக்கிள்ல வருவாருங்க. பண்ணாடி வாசல்ல கட்டில் போட்டு உக்கார வெப்பாங்க. மோர் குடிச்சுப்போட்டு நோட்டுல எழுதிக்கிட்டுப் போவாரு. நம்ம வளவுப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டாரு." அந்த நோட்டுதான் மேலே போய் வட்டாரக் கணக்கானது. வட்டாரக் கணக்கு ஜில்லாக் கணக்காகி, ஜில்லாக் கணக்கு தில்லிக் கணக்காகி, தில்லிக் கணக்கு நியூயார்க்கில் ஆண்டறிக்கையானது. வாசல்ல உக்காந்து எழுதின கணக்கில் வளவு எப்படி வரும்?

இன்னொன்று. கொங்கு வெள்ளாமை கிணற்று வெள்ளாமை. நூறு வருசத்துக்கு முன்னே கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை ஏற்றம். எருதைப் பூட்டி ஓட்டியவன் பண்ணையாள். தோல் பறியையும் வாலையும் தைத்துக் கொடுத்தது, கிழிந்தால் ஒட்டுப் போட்டது அருந்ததியர். அதற்குக் களத்தில் ஆண்டுக்கொரு முறை தானியப் பங்கு உண்டு. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. பிறகு மோட்டார் வந்தது. திட்டக் காலத்தில் கிணற்றுக்குக் கிணறு பம்புசெட்டு. எத்தனை பம்புசெட்டுக்கு மின் இணைப்புக் கொடுத்தோம் என்று ஒவ்வொரு திட்ட ஆவணத்திலும் பெருமையாக எழுதினார்கள். எத்தனை பறி தைக்கிறவர்களுக்குக் களத்துப் பங்கு நின்று போனது என்று எந்த ஆவணத்தில் எழுதினார்கள்? மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எருது மாதிரி உழைத்த உழைப்பு ஒழிந்தது நல்லதுதான். ஒழிந்ததற்கு ஈடாக ஒரு காணி நிலமோ ஒரு தொழிலோ தர வேண்டும் என்கிற எண்ணம் திட்டத்தில் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

3

ஆனால் இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் உருவான அந்த மதிப்பீட்டு அமைப்பு பொய் சொல்லவில்லை. திட்டத்தின் பலன் நிலமுள்ளவர்களுக்கும் வசதியுள்ள கிராமங்களுக்குமே பெரும்பாலும் போகிறது என்று 1950களிலேயே அதன் அறிக்கைகள் எழுதின. ஃபோர்டு பவுண்டேஷனோடு தொடர்பிலிருந்த வுல்ஃப் லடெஜின்ஸ்கி என்கிற அமெரிக்க நிலச்சீர்திருத்த வல்லுநர் 1952-ல் தஞ்சாவூரில் சுற்றிப் பார்த்தார். பத்தாண்டு கழித்து, தீவிர விவசாயத் திட்டம் நடக்கிற மாவட்டங்களில் குத்தகை நிலைமை எப்படி என்று திட்டக் கமிஷனுக்காகவே ஆய்வு செய்தார். அந்த அறிக்கை 1965-ல் வெளியானது. குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பு இல்லை, வாரம் அதிகம், பயிரிடுகிறவன் பேர் எந்தப் பதிவிலும் இல்லை, இப்படி இருந்தால் இந்தத் திட்டம் யாருக்கு என்று அவர் கேட்டார்.

கணக்கு இருந்தது. கணக்கைக் கேட்கிற காது இல்லை. அரசுக்குத் திட்டமிடும் திறன் குறைவு என்று வெளிநாட்டார் நினைத்தார்கள். குறைந்தது திறனல்ல. நிலத்தைத் தொட மாட்டோம் என்கிற தீர்மானம் மாநிலச் சட்டசபைகளில் உறுதியாக இருந்தது. தமிழ்நாட்டில் 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது: 30 தரநிலை ஏக்கர். 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். இடையில் நிலம் பெயர் மாறுவதற்கு எவ்வளவு காலம் கிடைத்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் 1960-ல் ஃபோர்டு ஆதரவில் தொடங்கிய 'பேக்கேஜ்' திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்று. லூதியானா, மேற்கு கோதாவரி, அலிகார், ஷாஹாபாத், ராய்ப்பூர், பாலி ஆகியவை மற்றவை. விதை, உரம், கடன், ஆலோசனை நாலும் ஒரே மூட்டையாக. விளைச்சல் கூடியது. கூடின விளைச்சலில் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டபோது என்ன நடந்தது? 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் பெரும்பாலும். நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-ல் விடுதலை செய்தது. 1969-ல் மத்திய உள்துறை அமைச்சகம் விவசாயப் பகுதிகளின் பதற்றத்துக்குக் காரணம் என்ன என்று ஓர் அறிக்கை தயாரித்தது. புதிய விவசாயம் ஏற்றத்தாழ்வைக் கூட்டியிருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டது. நம்ம சனம் எரிந்த பிறகுதான் அந்த ஏற்றத்தாழ்வு அரசின் கண்ணுக்குப் பட்டது.

அன்றைய மத்திய உணவு விவசாய அமைச்சராக 1964 முதல் 1967 வரை இருந்த சி. சுப்பிரமணியம் நம்ம கொங்குக்காரர், பொள்ளாச்சிப் பக்கம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாயச் செயலாளர் ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு, கோதுமைக் கப்பலுக்கும் இந்திய விவசாயக் கொள்கைக்கும் முடிச்சுப் போட்டது. பசுமைப் புரட்சியால் நாடு பட்டினியிலிருந்து தப்பியது என்பதை நான் மறுக்கவில்லை. ரேஷன் அரிசி எங்க வளவுக்கும்தான் வந்தது. ஆனால் விளைவித்தவனின் கூலியும் நிலமும் அந்த உடன்பாட்டின் நிபந்தனைகளில் இல்லை. இங்கிருந்து போனவரும் கேட்கவில்லை, அங்கிருந்து கொடுத்தவரும் கேட்கவில்லை.

4

இது இந்தியாவின் கதை மட்டுமல்ல. பக்கத்து பாகிஸ்தானைப் பாருங்கள். அங்கே 1954-ல் ஃபோர்டு பணத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழக நிபுணர் குழு ஒன்று திட்ட வாரியத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. 1960களில் வளர்ச்சி விகிதம் உலகமே புகழும்படி இருந்தது. 1968-ல் அந்தத் திட்டக் கமிஷனின் தலைமைப் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக் வாய் திறந்தார்: நாட்டின் தொழிலும் வங்கியும் 22 குடும்பங்களின் கையில் இருக்கின்றன என்றார். கிழக்கு வங்காளம் தன்னைச் சுரண்டுகிறார்கள் என்று கத்திக்கொண்டே இருந்தது. 1971-ல் நாடே இரண்டானது. சராசரி வருமானம் கூடினால் போதும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, சராசரிக்குக் கீழே யார் கிடக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியவில்லை. அங்கே மொழியும் மாநிலமும். இங்கே சாதி.

இதைப் படித்துவிட்டு 'வெளிநாட்டான் சதி' என்று முடித்துக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. நமக்கு அது ஒத்துவராது. வெளியிலிருந்து வந்த அறிவால்தான் நம்மில் பலர் தலை நிமிர்ந்தோம். பாபாசாகேப் அம்பேத்கர் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால்? 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943-ல் தாமோதர் நதி வெள்ளத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திலிருந்து வூர்டுயின் என்கிற பொறியாளரை வரவழைத்தார்கள். அவர் தந்த முதற்கட்டத் திட்டத்தின் மேல்தான் 1948-ன் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் எழுந்தது. இந்தியாவில் திட்டமிடல் என்றால் மகலனோபிஸ் என்பார்கள், நேரு என்பார்கள். நதிநீர்த் திட்டமிடலின் அஸ்திவாரத்தில் அம்பேத்கர் கை இருப்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது.

அதே அம்பேத்கர்தான் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அடிப்படை அலகாக வைக்க மாட்டேன் என்றார். கிராமம் குறுகிய புத்தியின், சாதி வெறியின் இருப்பிடம் என்பது அவர் வாதம். நாலே வருசத்தில் ஆல்பர்ட் மேயரின் எடாவாவும் காந்தியின் கிராமமும் கைகோத்து, 'சமுதாயம்' என்று ஒன்று கிராமத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு திட்டம் போட்டன. அமெரிக்கருக்கு ஊரும் சேரியும் ஒரே சமுதாயமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. தில்லியில் உட்கார்ந்திருந்த நம்மவர்களுக்கும் அப்படித் தெரிந்ததே, அதுதான் வியப்பு. 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு அதிகாரத்தைக் கீழே கொண்டுபோகச் சொன்னது. சென்னை மாகாணத்தில் 1958 சட்டப்படி பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. அதிகாரம் கீழே வந்தது, ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டு வாசல் வரைக்கும். தலைவர் பதவியில் நமக்கு இட ஒதுக்கீடு கிடைக்க 73-வது திருத்தமும் 1996 உள்ளாட்சித் தேர்தலும் வர வேண்டியிருந்தது. அப்படி வந்த மேலவளவு முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூனில் வெட்டிச் சாய்த்தார்கள்.

5

நம்மைப் பேர் சொல்லி எண்ணிய திட்டங்கள் வரலாற்றில் கொஞ்சம்தான். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்பு ஒன்று. அதன் தொடர்ச்சியாக 1892-ல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. அந்த நிலம் இன்று யார் கையில் என்று கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

இன்னொன்று 1979-80-ல் வந்த சிறப்புக் கூறு திட்டம். இது எந்த வெளிநாட்டு நிபுணர் மூளையிலும் உதிக்கவில்லை. உள்துறையில் இருந்த பி. எஸ். கிருஷ்ணன் என்கிற அதிகாரியின் முயற்சி. மக்கள்தொகையில் பட்டியல் சாதியார் எத்தனை பங்கோ, அத்தனை பங்கு ஒவ்வொரு துறையின் திட்டப் பணத்திலும் அவர்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். எளிமையான கணக்கு. ஐம்பதுகளின் சமுதாய வளர்ச்சிக்காரர்களுக்குத் தோன்றாத கணக்கு.

அந்தக் கணக்கு என்ன ஆனது? பாலம் கட்டினால் பட்டியல் சாதியாரும் அதன் மேல் நடப்பார்கள், ஆகவே பாலத்தின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாக எழுதிக்கொள்வது. காகிதத்தில் மட்டும் ஒதுக்குவது. தில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு இந்த நிதியிலிருந்து 700 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பிவிட்டதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வெளியே கொண்டுவந்தார்கள். நம்ம பிள்ளைகள் விடுதிக்குக் கூரை போட வேண்டிய காசு விளையாட்டு மைதானத்துக்குப் போச்சு. 2015 ஜனவரியில் திட்டக் கமிஷன் போய் நிதி ஆயோக் வந்தது. 2017-ல் 'திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு' என்கிற பிரிவினையையே எடுத்துவிட்டார்கள். திட்டச் செலவில் பங்கு என்பதுதான் நம்ம உரிமை. திட்டச் செலவு என்கிற இனமே இல்லையென்றால் எதில் பங்கு கேட்பது? ஆந்திரமும் கர்நாடகமும் 2013-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டன. தமிழ்நாடு 2024-ல்தான் போட்டது.

எண்ணிக்கையின் வலிமைக்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. பட்டியல் சாதிக்குள்ளும் அருந்ததியர் எந்த அளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று பல்லாண்டு பேசினார்கள், போராடினார்கள். நீதிபதி ஜனார்த்தனம் குழு 2008-ல் எண்ணிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் 2009-ல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. அந்தியூர் பல பத்தாண்டுகள் தனித்தொகுதியாக இருந்த ஊர். 2008 மறுவரையறைக்குப் பிறகு பொதுத்தொகுதி. சட்டமன்றத்துக்கு நம்ம ஆளை அனுப்பியும், வட்டார அலுவலகத்தின் கணக்கு நோட்டு நம்ம கைக்கு வந்ததா?

6

பவானிசாகரில் இன்றும் அரசு அலுவலர் பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதிலுமிருந்து புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர்கள் அங்கே பயிற்சிக்குப் போகிறார்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். கோப்பு எழுதவும் கணக்குத் தலைப்புப் பார்க்கவும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தம்பி, அந்தப் படிப்பை வளவுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு. பஞ்சாயத்தில் இந்த வருசம் வந்த பணத்தில் நம்ம பங்கு எவ்வளவு, எந்தத் தலைப்பில் வந்தது, எந்தத் தேதியில் எதற்குச் செலவானது என்று படிக்கச் சொல்லிக் கொடு.

அரசின் திட்டமிடும் திறனை வளர்க்க டாலர் வந்தது, நிபுணர் வந்தார், கட்டடம் வந்தது. சேரியின் திட்டமிடும் திறனை வளர்க்க யாரும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். கிராமசபையில் வரவு செலவைத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வளவில் எத்தனை வீடு, எத்தனை பேருக்குப் பட்டா, எத்தனை பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் யார் அனுபவத்தில் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் நாமே எழுதி வைப்போம். அடுத்த முறை திட்டம் என்று யாராவது வந்தால், கணக்குப் பார்க்கப் பண்ணாடி வாசலுக்குப் போக வேண்டியதில்லை. நோட்டு நம்மகிட்ட இருக்கும்.